அடி கனமான பாத்திரம்

கேழ்வரகுக் கஞ்சி அடிப்பிடித்த பாத்திரத்தை ஊறப்போடும் முன் உள்ளே ஒருமுறை உற்றுப் பாருங்கள். கருகல் அடி முழுக்கப் பரவியிருக்காது. பர்னரின் துளைகள் எந்த வட்டத்தில் இருக்கின்றனவோ அதே அளவில் ஒரு கறுப்பு வளையம் இருக்கும்; நடுப்பகுதி ஓரளவு தப்பித்திருக்கும். பாத்திரம் மிக மெல்லியது என்றால் தீநாக்கு ஒன்றுக்கு ஒரு புள்ளி வீதம் எண்ணிக்கூட விடலாம். பாத்திரத்தின் அடியில் எந்த இடம் எவ்வளவு சூடானது என்பதற்கு இதைவிட நேர்மையான வரைபடம் கிடையாது. ஆய்வகத்தில் இதற்கு வெப்பப் படக்கருவி வேண்டும்; நமக்குக் கஞ்சியே வரைந்து தருகிறது.

'அடி கனமான பாத்திரத்தை அடுப்பில் வைத்து' என்றுதான் நம் சமையல் குறிப்புகளில் பாதி தொடங்குகின்றன. எது கனம், எவ்வளவு கனம் என்று அவை சொல்வதில்லை. இந்த அத்தியாயம் அந்த அடியைப் பற்றியது. குறிப்பாக, டீ, பால், கஞ்சி, பாயசம், முட்டை அவிப்பது, மீந்த குழம்பைச் சூடுபண்ணுவது என்று காலையிலிருந்து இரவு வரை அடுப்பைவிட்டு இறங்காத, நீளக் கைப்பிடி வைத்த எவர்சில்வர் சாஸ்பேனைப் பற்றியது.

தீயிலிருந்து உணவுக்குப் போகும் வெப்பம் இரண்டு திசைகளில் பயணம் செய்கிறது. ஒன்று, தகட்டின் கீழ்ப்பக்கத்திலிருந்து மேல்பக்கத்துக்கு. இன்னொன்று, தீ படும் இடத்திலிருந்து தீ படாத இடத்துக்கு, பக்கவாட்டில். எவர்சில்வர் வெப்பத்தை மோசமாகக் கடத்தும் என்று கேள்விப்பட்டவர்கள் பெரும்பாலும் முதல் பயணத்தை நினைத்துக் கவலைப்படுகிறார்கள். கணக்குப் போட்டால் அந்தக் கவலை வீண் என்று தெரியும். 16 செ.மீ. விட்டமுள்ள அடியின் பரப்பு சுமார் 200 சதுர செ.மீ. அதன் வழியாக 1,000 வாட் வெப்பம் ஏறுகிறது, தகட்டின் தடிமன் 0.7 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். கீழ்ப்பக்கத்துக்கும் மேல்பக்கத்துக்கும் இடையிலான வெப்பநிலை வித்தியாசம் ஏறத்தாழ 2 டிகிரி செல்சியஸ்தான். அவ்வளவு மெல்லிய தகட்டைத் தாண்ட எந்த உலோகமும் பெரிதாகச் சிரமப்படாது.

சிக்கல் இரண்டாவது பயணத்தில். மேலே ஏற அரை மில்லிமீட்டரும் சொச்சமும். பக்கவாட்டில் போவதற்கோ பல சென்டிமீட்டர். அதுவும் காகிதம் போன்ற தகட்டுக்குள்ளேயே ஊர்ந்து போக வேண்டும். இந்த இடத்தில்தான் உலோகத்தின் குணம் வெளிப்படுகிறது. வெப்பக் கடத்துதிறன் என்ற அளவீட்டில் செம்புக்கு ஏறத்தாழ 400, அலுமினியத்துக்கு 235, தூய இரும்புக்கு 80. நம் எவர்சில்வருக்கு வெறும் 16. இரும்பிலிருந்து செய்த பொருள் இரும்பில் ஐந்தில் ஒரு பங்குதான் வெப்பத்தைக் கடத்துகிறது.

ஏன் இப்படி? உலோகத்தில் வெப்பத்தைச் சுமந்து செல்வது பெரும்பாலும் கட்டற்ற எலக்ட்ரான்கள். மின்சாரத்தைக் கடத்துவதும் அவையே. ஆகவே மின்சாரத்தை நன்றாகக் கடத்தும் உலோகம் வெப்பத்தையும் நன்றாகக் கடத்தும் என்று வீடெமானும் ஃப்ரான்ஸும் 1853இல் கண்டு சொன்னார்கள். தூய உலோகத்தில் அணுக்கள் வரிசை பிசகாமல் நிற்கின்றன. எலக்ட்ரான் நீண்ட தூரம் தடையில்லாமல் ஓடும். அதில் நூற்றுக்குப் பதினெட்டு குரோமியம் அணு, எட்டு நிக்கல் அணு என்று கண்ட இடத்தில் நுழைத்துவிட்டால், தேர் இழுக்கும் நாளில் மாட வீதியைக் குறுக்கே கடக்க முயல்பவன் கதிதான் எலக்ட்ரானுக்கு. நாலடிக்கு ஒருதரம் யார் மீதாவது மோதித் திசை மாறுகிறது.

சரி, அந்தக் குரோமியம் ஏன் அங்கே இருக்கிறது? துருவைத் தடுக்க. எஃகில் குரோமியம் சுமார் 10.5 விழுக்காட்டுக்கு மேல் போனால், காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மேற்பரப்பில் ஒரு குரோமியம் ஆக்சைடு படலம் உருவாகிறது. தடிமன் சில நானோமீட்டர். கண்ணுக்குத் தெரியாது, கைக்கு உறைக்காது. இரும்பின் துரு உப்பிப் பொருக்காகி உதிர்ந்து, அடியிலிருக்கும் இரும்பை மீண்டும் காற்றுக்குக் காட்டிக்கொடுக்கும். குரோமியம் ஆக்சைடு அப்படி உதிராமல் இறுக ஒட்டிக்கொண்டு, காற்றும் நீரும் உள்ளே போக விடாது. நாம் நாரால் தேய்த்துக் கீறினாலும், கீறிய இடத்தில் ஆக்சிஜன் பட்டதும் படலம் தானாகவே மீண்டும் உருவாகிவிடும். புளியும் எலுமிச்சையும் தக்காளியும் அன்றாடம் கொதிக்கும் சமையலறைக்கு இதைவிடப் பொருத்தமான தோல் அமையாது. ஈயம் பூசாத பித்தளையில் ரசம் வைத்தால் என்னவாகும் என்று தெரிந்த தலைமுறை, எவர்சில்வரைக் கண்டதும் பித்தளையைப் போட்டுவிட்டு அதை வாங்கியதில் வியப்பே இல்லை.

ஆக, துருவைத் தடுக்கும் அதே குரோமியம்தான் வெப்பத்தையும் வழிமறிக்கிறது. எவர்சில்வர் பாத்திரம் வாங்குகிறவர் இந்த ஒரு முரணோடுதான் பேரம் பேசுகிறார், தெரிந்தோ தெரியாமலோ.

இந்தக் கலவையைக் கண்டவர்களில் யாரும் பாத்திரத்தை மனதில் வைத்துத் தொடங்கவில்லை. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்தில் ஹாரி பிரியர்லி, பன்னிரண்டு வயதில் எஃகு ஆலையின் ஆய்வகத்தில் புட்டி கழுவும் வேலைக்குச் சேர்ந்து, பின்னாளில் ஆராய்ச்சிக்கூடத்தின் தலைமைக்கே உயர்ந்தவர். துப்பாக்கிக் குழல் உட்புறம் அரித்துப்போவதைத் தடுக்கும் எஃகைத் தேடிக்கொண்டிருந்தார். 1913 ஆகஸ்டில் 12.8 விழுக்காடு குரோமியம் சேர்த்து வார்த்த எஃகை நுண்ணோக்கியில் பார்ப்பதற்காக அமிலத்தால் அரிக்க முயன்றபோது, அது அரிபட மறுத்தது. குப்பையில் வீசிய குழல்களில் ஒன்று மட்டும் துருப்பிடிக்காமல் மின்னியது என்று ஒரு கதை உலவுகிறது. அமிலத்துக்கு மசியாத அந்த மாதிரித்துண்டே எனக்குப் போதுமான சுவாரசியம். அவர் அதில் கத்தி செய்யலாம் என்றார். அவருடைய முதலாளிகள் அக்கறை காட்டவில்லை. ஏறத்தாழ அதே காலத்தில், 1912இல், ஜெர்மனியின் எஸ்ஸன் நகரத்திலிருந்த க்ரூப் நிறுவனத்தில் ஸ்ட்ராஸ், மவ்ரர் இருவரும் குரோமியத்தோடு நிக்கலையும் சேர்த்த எஃகுக்குக் காப்புரிமை வாங்கினார்கள். இன்றைய சாஸ்பேன் பிரியர்லியின் கத்திக்குத் தூரத்து உறவு, க்ரூப்பின் எஃகுக்கு நேர் வாரிசு. நிக்கல் சேர்ந்ததால்தான் தகட்டைக் கிழியாமல் ஆழமாக அழுத்திப் பாத்திரமாக்க முடிகிறது.

பாத்திரத்தின் அடியில் '18/8' என்று பொறித்திருப்பது இந்தக் குடும்பத்தைத்தான்: 18 விழுக்காடு குரோமியம், 8 விழுக்காடு நிக்கல். தொழில் மொழியில் 304. இதோடு இரண்டு விழுக்காட்டுக்கு மேல் மாலிப்டினமும் சேர்த்தால் 316; உப்புக்கு இன்னும் நன்றாக ஈடுகொடுக்கும். கடலோரக் கருவிகளுக்கு அது அவசியம். வீட்டுச் சமையலுக்குக் கூடுதல் காசு என்பது என் எண்ணம். நிக்கலே இல்லாதது 430. நிக்கலைக் குறைத்து அந்த இடத்தில் மாங்கனீசை வைத்தவை 201, 202 முதலிய 200 வரிசை. நிக்கல் தட்டுப்பாட்டுக் காலத்தில் அமெரிக்காவில் பிறந்த வரிசை இது. நிக்கல் விலை அதிகம் என்பதால் நம் நாட்டுப் பாத்திரத் தொழிலில் பரவலாகப் புழங்குகிறது. தட்டு, டம்ளருக்குக் குறைவில்லை. உப்பும் புளிப்பும் மணிக்கணக்கில் கொதிக்கும் பாத்திரத்துக்கு 304தான் நம்பகமானது.

இங்கே காந்தத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 'காந்தம் ஒட்டினால் மட்டம், ஒட்டாவிட்டால் அசல்' என்ற சோதனையைக் கடைகளில் இன்னமும் செய்துகாட்டுகிறார்கள். அது இரண்டு பக்கமும் பொய் சொல்லும். 200 வரிசையிலும் காந்தம் ஒட்டாது. எனவே 304 என்று சொல்லி 202ஐ விற்பவரைக் காந்தத்தால் பிடிக்கவே முடியாது. மறுபக்கம், அசல் 304 தகட்டை அழுத்தி வளைக்கும்போது அதன் படிக அமைப்பு சில இடங்களில் மாறிவிடுவதால், வளைந்த மூலைகளில் லேசாகக் காந்தம் பிடிக்கும். நல்ல பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க இது காரணமாகக் கூடாது. காந்தத்தை நம்புவதைவிட, அடியில் ரகம் பொறித்திருக்கிறதா, ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பது மேல். எவர்சில்வர் பாத்திரங்களுக்கு அந்த முத்திரையைக் கட்டாயமாக்கும் ஆணையை மத்திய அரசு 2024 மார்ச்சில் வெளியிட்டது. அதற்குரிய தரநிலை எண் ஐ.எஸ். 14756.

இப்போது அடிக்கு வருவோம். பக்கவாட்டில் வெப்பம் பரவும் வசதியை எளிதாக மதிப்பிட ஒரு பெருக்கல் போதும்: கடத்துதிறனைத் தடிமனால் பெருக்குங்கள். 0.7 மி.மீ. எவர்சில்வருக்கு 16ஐ 0.7ஆல் பெருக்க, சுமார் 11. அதே எவர்சில்வரை 1.7 மி.மீ. அலுமினியத் தகட்டின் மேல் போர்த்தினால், அலுமினியத்தின் பங்கு மட்டும் 400. முப்பது மடங்குக்கும் மேல். அலுமினியம் இல்லாமல் எவர்சில்வரை மட்டும் கனமாக்கி இந்த 400ஐ எட்ட வேண்டுமானால் அடி 25 மி.மீ. தடிமன் இருக்க வேண்டும். 18 செ.மீ. பாத்திரத்துக்கு அந்த அடி மட்டுமே 5 கிலோ எடை வரும். அலுமினியத் தகடோ 120 கிராம்கூட இல்லை.

எவர்சில்வரைத் தராசில் வைத்து கிலோ கணக்கில் விற்று வாங்கிப் பழகிய ஊர் நமது. கையில் எடுத்ததும் கனமாக இருந்தால் நல்ல பாத்திரம் என்று நம் மணிக்கட்டுக்கே ஒரு தீர்ப்பு இருக்கிறது. பித்தளையிலும் வார்ப்பிரும்பிலும் அந்தத் தீர்ப்பு பெருமளவு சரி. ஒற்றைத் தகட்டு எவர்சில்வரில் அது ஏமாற்றும்: இரட்டிப்பு எடைக்குக் காசு கொடுத்தாலும் 11 என்பது 22 ஆகும், அவ்வளவுதான். நசுங்காது, நெளியாது, அடிப்பிடிப்பது நிற்காது.

செம்பு அடிக்கும் இதே பெருக்கல். செம்பு நல்ல கடத்திதான். ஆனால் மலிவான பாத்திரங்களில் செம்பு அடி என்பது மின்முலாம் பூசிய மெல்லிய பூச்சு. அது 0.02 மி.மீ. இருந்தால் 400ஐ அதனால் பெருக்க, கிடைப்பது 8. பளபளப்புக்கும், புளி போட்டுத் தேய்க்கும் வேலைக்கும் குறைவிருக்காது.

அலுமினியத்தை உள்ளே வைப்பதில் இரண்டு வழிகள் உண்டு. முதல் வழி, எவர்சில்வர் பாத்திரத்தின் அடியில் தடித்த அலுமினிய வட்டை இணைத்து அதை இன்னொரு எவர்சில்வர் தகட்டால் மூடுவது. கடைகளில் 'சாண்ட்விச் பாட்டம்' என்பார்கள். இரண்டாவது வழி, எவர்சில்வர், அலுமினியம், எவர்சில்வர் என்ற மூன்று தகடுகளையும் உருளைகளுக்கிடையே அழுத்தி ஒரே தகடாக்கி, பிறகு அதிலிருந்து பாத்திரத்தை அழுத்தி எடுப்பது. இதுதான் 'ட்ரை ப்ளை'. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஜான் உலாம் என்ற உலோகவியலாளர் 1971இல் தொடங்கிய ஆல்-கிளாட் நிறுவனம் இவ்வகைப் பாத்திரங்களைப் பிரபலமாக்கியது. இன்று நம் ஊர்க் கடைகளிலும் இந்தியத் தயாரிப்புகள் தாராளம்.

இரண்டில் எது? வட்டு அடியில் அலுமினியம் பெரும்பாலும் அதிகத் தடிமனாக இருக்கும். அடி மிகச் சீராகச் சூடாகும். ஆனால் வட்டு முடியும் இடத்தில் ஒற்றைத் தகட்டுச் சுவர் தொடங்குகிறது. கேஸ் தீ அடியைத் தாண்டி மேலே ஏறினால் அந்த விளிம்பில் பாலும் கஞ்சியும் ஒரு கோடாகக் கருகும். மூன்றடுக்கில் சுவர் முழுக்க அலுமினியம் ஓடுவதால் அந்தக் கோடு வராது. கேஸ் அடுப்புக்காரருக்கு மூன்றடுக்கு, இண்டக்‌ஷன்காரருக்கு எதுவானாலும் சரி என்பேன்.

இண்டக்‌ஷன் அடுப்பில் தீயே இல்லை. கண்ணாடிக்கு அடியிலுள்ள கம்பிச்சுருளில் நொடிக்குப் பல்லாயிரம் முறை திசை மாறும் மின்னோட்டம் ஓட, அதன் காந்தப்புலம் பாத்திரத்தின் அடியிலேயே சுழல் மின்னோட்டங்களை எழுப்புகிறது. காந்தம் ஒட்டும் எஃகில் இந்த மின்னோட்டம் மேற்பரப்பில் மில்லிமீட்டரில் ஓரிரு பத்தில் பங்கு ஆழத்துக்குள் நெருக்கப்படுகிறது. நெரிசலில் மின்தடை கூடி, சூடு பிறக்கிறது. 304இல் இந்த நெரிசல் ஏற்படாது. பெரும்பாலான அடுப்புகள் பாத்திரமே வைக்கவில்லை என்பது போலக் கூவும். அதனால்தான் மூன்றடுக்கில் உணவு படும் உட்புறம் 304, வெளிப்புறம் காந்தம் ஒட்டும் 430. கடைக்காரர் மட்டம் என்று காட்டும் அதே ரகம் இங்கே வேண்டுமென்றே வைக்கப்பட்டிருக்கிறது. காந்தச் சோதனைக்கு உருப்படியான பயன் இது ஒன்றுதான்: இந்தப் பாத்திரம் இண்டக்‌ஷனில் ஏறுமா? சுருளும் வளைய வடிவமே என்பதால், மெல்லிய அடியில் இங்கும் வளையமாகத்தான் கருகும்.

இவ்வளவு சொன்ன பிறகு, மெல்லிய பழைய எவர்சில்வர் பாத்திரங்களைப் பரணில் போடச் சொல்கிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம். தண்ணீர் கொதிக்கவைக்க, முட்டை அவிக்க, ரசம் வைக்க அவை தாராளமாகப் போதும். நீர்த்த திரவத்தில் சூடான பகுதி மேலே எழும்பும், குளிர்ந்த பகுதி அந்த இடத்துக்கு இறங்கும். உலோகம் செய்யாத பரப்பும் வேலையைத் தண்ணீரே செய்துவிடுகிறது. மாவு கலந்ததும் ஆட்டம் மாறுகிறது. 60, 70 டிகிரியை நெருங்கும்போது மாவுமணிகள் நீரை உறிஞ்சி உப்பி வெடித்து, கஞ்சி கெட்டியாகிறது, சுழற்சி நின்றுவிடுகிறது. அடியில் இருக்கும் படலம் அங்கேயே கிடந்து வேகிறது, பிறகு கருகுகிறது. பாலில் கதை சற்று வேறு: மோர்ப்புரதங்கள் 70 டிகிரிக்கு மேல் கட்டவிழ்ந்து சூடான உலோகத்தில் படிகின்றன, படிந்தது போர்வையாகி, அதன் அடியில் சூடு மேலும் ஏறுகிறது.

எனவே, வீட்டில் அதிகம் செய்வது எது என்று கேட்டுப் பாத்திரம் வாங்காதீர்கள். வீட்டில் செய்வதிலேயே மிகக் கெட்டியானது எது என்று கேளுங்கள். டீயும் ரசமும் மட்டும் என்றால் சாதாரணப் பாத்திரம் போதும். சத்துமாவுக் கஞ்சி, சேமியா பாயசம், குழந்தைக்கு அரிசிக்கூழ் என்று வாரத்தில் பலமுறை உண்டென்றால் மூன்றடுக்குக்குக் கொடுக்கும் பணம் முதல் மாதத்திலேயே நாரிலும் தோள்வலியிலும் மிச்சமாகும்.

அளவு விஷயத்தில் அதிகம் யோசிக்க ஒன்றுமில்லை. 16 செ.மீ. விட்டமும் 8 செ.மீ. உயரமும் கொண்டது விளிம்பு வரை 1.6 லிட்டர் பிடிக்கும். 18க்கு 9 என்றால் 2.3 லிட்டர். பால் பொங்க மூன்றில் ஒரு பங்கு இடம் விட வேண்டும் என்பதால், நான்கு பேர் உள்ள வீட்டுக்கு 18 செ.மீ. ஒன்று போதும். ஆறு உருப்படி கொண்ட தொகுப்பாக வாங்கினால் அதில் இரண்டு அடுப்பைப் பார்க்கும், மற்றவை அலமாரியைப் பார்க்கும். அளவைவிட முக்கியம், சுவரும் அடியும் சேரும் மூலை. அது கூர்மையாக இருந்தால் கரண்டி அங்கே போகாது. கரண்டி போகாத இடத்தில்தான் பாயசம் முதலில் பிடிக்கும். உட்புறம் நன்றாக வளைந்த மூலையுள்ளதையே எடுங்கள்.

வாங்கியபின் அதைக் கெடுக்கக்கூடியது பெரும்பாலும் உப்பு. கல்லுப்பைக் குளிர்ந்த தண்ணீரில் போட்டால் அது அடியில் கிடந்து கரையும். அந்த இடத்தில் மட்டும் குளோரைடு செறிவாகி, குரோமியம் ஆக்சைடு படலத்தைத் துளைத்துவிடும். ஊசிமுனை அளவுக் குழிகள் விழும், திரும்பச் சரியாகாது. தண்ணீர் கொதித்தபின் உப்பைப் போட்டுக் கலக்கினால் இது வராது. வெறும் பாத்திரம் அதிகம் சூடானால் வானவில் நிறம் தெரியும்: ஆக்சைடு படலம் தடித்து, சோப்புக்குமிழியில் போல ஒளி பிரிகிறது. ஆபத்தில்லை, எலுமிச்சை மூடியால் தேய்த்தால் போய்விடும். போர்வெல் தண்ணீர் விடும் வெள்ளைத் திட்டும் அப்படியே. புதுப் பாத்திரத்தில் புளிப்பானவற்றைச் சமைக்கும்போது நிக்கலும் குரோமியமும் மிகச் சிறிய அளவில் உணவில் இறங்கும். சில சமையலுக்குப் பின் அது வெகுவாகக் குறையும். நிக்கல் ஒவ்வாமை உள்ளவர்கள் மட்டும் இதைக் கவனித்தால் போதும்.

இனி, கடையில் நின்றுகொண்டு செய்ய வேண்டியவை. கைப்பிடிக்கும் எவர்சில்வரே நல்லது. வெப்பத்தைக் கடத்தாத அதன் குறை அங்கே வரமாகிறது. ஆனால் 18 செ.மீ. மூன்றடுக்குப் பாத்திரம் ஒரு கிலோ இருக்கும். ஒன்றரை லிட்டர் பாலோடு இரண்டரை கிலோ. அந்தப் பாரத்தைக் கையிலிருந்து 20 செ.மீ. தள்ளி, ஒற்றை மணிக்கட்டால் தூக்குகிறோம். இடுக்கி பிடித்துப் பழகிய கைக்கு இது புதிய பளு. எதிர்ப்பக்கம் சிறு பிடி ஒன்று இருந்தால் வயதானவர்களுக்கு உதவும். பற்றவைத்த கைப்பிடியைவிட, ரிவெட் அடித்தது உள்ளே அழுக்குச் சேர்த்தாலும் கழன்று விழாது. பாரம் தூக்கும் பாத்திரத்துக்கு நான் ரிவெட்டின் பக்கம்.

கடைசியாக விளிம்பு. சாய்க்கும்போது திரவம் விலகி விழாமல், வெளிச்சுவரோடு ஒட்டிக்கொண்டு வழிந்து மேடையை நனைப்பதை 1956இல் மார்க்கஸ் ரைனர் என்ற விஞ்ஞானி 'தேநீர்க்குடுவை விளைவு' என்று பெயர் சூட்டி ஆராய்ச்சிப் பொருளாக்கினார். மெதுவாக ஊற்றும்போதும் விளிம்பு மொண்ணையாக இருக்கும்போதும் இது அதிகம். விளிம்பு வெளிப்பக்கம் விரிந்து கூராக முடிந்தால் திரவம் அங்கே பிரிந்து விழும். காபி ஆற்றும் டம்ளருக்கு வாய் விரிந்திருப்பது அழகுக்காக மட்டும் இல்லை. ஆகையால் கடையில் ஒரு சொம்புத் தண்ணீர் கேளுங்கள். முக்கால்வாசி நிரப்பி, ஒரு கையால் தூக்கி, டம்ளரில் மெதுவாக ஊற்றிப் பாருங்கள். கடைக்காரர் முகத்தைச் சுளிப்பார். சுளிக்கட்டும், தினமும் பால் ஊற்றித் துடைக்கப்போவது அவர் இல்லையே.